கவிழ்த்துப் பார்த்த இருக்கை

சீட்டுக்காரர் என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள். சீட்டாடுகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம், அவருக்கு ராணி எது ராஜா எது என்றே தெரியாது. பஸ் பணிமனையில் இருபத்தாறு வருஷம் இருக்கை தைத்தவர். ஓய்வு பெற்ற அன்று ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கொடுத்து அனுப்பினார்கள். அதன் பின்மூடி லொடலொடவென்று ஆடுகிறது என்று அன்று சாயங்காலமே இரண்டு திருகாணி போட்டு முடுக்கினார். அப்புறம் பேட்டரி மாற்ற முடியவில்லை. கடிகாரம் இன்றைக்கும் நாலே காலில் நிற்கிறது.

மனிதர் தங்கமானவர். தாழ்ப்பாள், கொக்கி, பட்டை என்று வந்துவிட்டால் மட்டும் கொஞ்சம் கிறுக்கு. சாப்பாட்டு டப்பாவுக்கு மூடி இருக்கும், மூடிக்குக் கிளிப் இருக்கும், கிளிப்புக்கு மேல் ஒரு ரப்பர் பட்டையும் இருக்கும். வாசற்கதவுக்கு மூன்று தாழ்ப்பாள். ஒரு தடவை இஸ்திரிப் பெட்டியை மறந்து துணி கருகி வீடெல்லாம் புகை. மூன்றையும் திறந்து வெளியே வருவதற்குள் கணவன் மனைவி இருவருக்கும் இருமி இருமி உயிர் போய் உயிர் வந்தது. “இந்த வீட்டுக்குள்ள திருடன் வர முடியாது, சரி. நாம வெளிய போக முடியுமா?” என்று அவர் மனைவி கேட்டாள். அவர் மறுநாள் கடைக்குப் போய் எண்ணெய் வாங்கி வந்து மூன்று தாழ்ப்பாளுக்கும் போட்டார். அவரைப் பொறுத்தவரை பிரச்சினை தீர்ந்தது.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த மனைவியைப் பாருங்கள். தபால் அலுவலகத்தில் முப்பது வருஷம் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து முத்திரை குத்தியவள். ஐம்பத்திரண்டு வயதில் ஒரு நாள், ஆற்றோரம் படகுப் பட்டறை வைத்திருக்கும் தம்பியைப் பார்க்கப் போனாள். சும்மா ஒரு கேனோவில், துடுப்புப் போட்டுப் போகிற அந்த ஒல்லிப் படகில், ஏறி உட்கார்ந்து பார்க்கிறேன் என்றாள். மூன்று வருஷமாகிறது, இன்னும் இறங்கவில்லை. முதலில் அசையாத தண்ணீர், பிறகு ஓடுகிற தண்ணீர், இப்போது பாறைகளுக்கு நடுவே நுரைத்துக் கொட்டுகிற தண்ணீர். ஆறு அப்படிப் பாறையில் விழுந்து ஓடும் இடங்களைப் பாய்ச்சல் என்பார்கள். மேல் ஆற்றில் அப்படி ஏழு இருந்தன. மூன்று வாரம் கழித்து வருகிற ஞாயிற்றுக்கிழமை அந்த ஏழையும் தனியாக ஒரு கேனோவில் இறங்கிக் கடக்கப் போவதாக, முருங்கைக்காய் வாங்கி வருவதைப்போலச் சொன்னாள்.

சீட்டுக்காரருக்கு நீச்சல் தெரியாது. வாளித் தண்ணீரைத் தவிர மற்ற எந்தத் தண்ணீரையும் நம்பாதவர். வேண்டாம் என்று இரண்டு நாள் சொல்லிப் பார்த்தார். மூன்றாம் நாள் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அந்தப் படகுல இருக்கற சீட்டு எனக்கு ஒத்து வரலங்க. முட்டி வலிக்குது. புதுசா ஒண்ணு போடணும். நீங்கதான் செய்யணும்.”

“உன் தம்பி பட்டறையில ஆள் இல்லயா?”

“இருக்காங்க. அவங்க யாரும் என் முட்டியப் பாத்ததில்லயே.”

அதோடு மனிதர் விழுந்தார். முட்டியில் அறுவை சிகிச்சை நடந்தபோது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர் அவர்தான். எந்தப் பக்கம் மடங்கும், எவ்வளவு நேரம் தாங்கும், எந்த இடத்தில் அழுத்தினால் அவள் பல்லைக் கடிப்பாள் என்பதெல்லாம் அத்துப்படி. தவிர, இந்தப் பயணத்தை நிறுத்த முடியாவிட்டால் அவளைப் பத்திரமாகப் பிடித்துவைக்கிற இருக்கையையாவது தன் கையால் செய்யலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்புதான் பின்னால் வினையாகப் போகிறது.

மச்சினனின் பட்டறை நீளமான தகரக் கொட்டகை. கேனோக்கள் கவிழ்த்த வாக்கில் மரக்கால்களின்மேல் வரிசையாகக் கிடக்கும். எங்கே தொட்டாலும் பசை நாற்றம். உள்ளே நுழைந்ததும் எதிர்ச்சுவரில் சிவப்புப் பெயின்டில் ஒரே வரி: ‘செய்தவர் முதலில் கவிழ வேண்டும்.’ படகில் யார் இருக்கை பொருத்தினாலும் முதலில் அவரே அதில் உட்கார்ந்து, பட்டையைப் போட்டுக்கொண்டு, பட்டறைக்குப் பின்னால் ஆற்றுத் தண்ணீர் ஓடாமல் நிற்கிற தேக்கத்தில் தலைகீழாகக் கவிழ்ந்து தானே வெளியே வர வேண்டும். அதற்குப் பிறகுதான் அந்தப் படகு ஆற்றுக்குப் போகும். மச்சினன் எதிலும் விட்டுக்கொடுக்கிறவன். இதில் மட்டும் பெற்ற தாய் வந்து சொன்னாலும் கேட்க மாட்டான்.

“எனக்குமா மாப்ளே இந்தச் சட்டம்?” என்று சீட்டுக்காரர் கேட்டார்.

“உங்களுக்குத்தான் மாமா முக்கியமா. மத்தவங்க அவங்க வேலைய அப்பப்ப சந்தேகப்படுவாங்க.”

முதலில் இருக்கையைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. மச்சினன் மூன்று வகைகளைக் காட்டினான். ஒன்று, படகின் இரண்டு விளிம்புகளிலிருந்தும் தொங்குகிற பலகை. அதன் மேல் பின்பக்கத்தைச் சாய்த்து, முழங்காலைத் தரையில் ஊன்றி, பாதங்களைப் பலகைக்கு அடியில் விட்டுக்கொள்ள வேண்டும். சீட்டுக்காரருக்கு அது பிடித்திருந்தது. மரம், போல்ட், எல்லாம் கண்ணுக்குத் தெரிகிற வேலை. மச்சினன் தன் அக்காவை ஆற்றுச் செருப்பைப் போட்டுக்கொண்டு உட்காரச் சொன்னான். கணுக்காலை மூடுகிற கனமான ரப்பர் காலணி அது.

“இப்ப சடார்னு எந்திரிக்கா.”

அவள் எழுந்தாள். வலது குதிகால் பலகையில் மாட்டி, படகே மரக்காலிலிருந்து கூட வந்தது.

“வேற ஒரு ஆத்துல, என்கூட வந்தவனுக்கு இப்படித்தான் மாட்டிச்சு,” என்றான் மச்சினன். “படகு கவுந்தது. நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. அந்தச் சீட்டப் போட்டவன் நான்.”

சுவரில் இருந்த சிவப்பு வரியை சீட்டுக்காரர் இன்னொரு தடவை படித்தார்.

இரண்டாவது, முதுகுச் சாய்மானம் வைத்த இருக்கை. அதில் நாற்காலியில் உட்காருவதுபோல் காலை நீட்டி உட்காரலாம். முட்டிக்குச் சுகம். ஆனால் உடம்பின் பாரமெல்லாம் மேலே நிற்கும், ஒரு அலை தள்ளினால் படகு புரளும். குளத்துக்குச் சரி, பாய்ச்சலுக்கு ஆகாது. மூன்றாவதுதான் நிலைத்தது. தண்ணீர் குடிக்காத கெட்டி நுரைக்கட்டையைப் படகின் நடுவில் தரையோடு ஒட்டி, குதிரைமேல் உட்காருவதுபோல் அதன்மேல் உட்கார வேண்டும். மடக்கி ஊன்றுகிற முழங்காலுக்கு இரண்டு பக்கமும் மெத்தை. தொடைகளுக்குக் குறுக்கே இரண்டு பட்டைகள். கீழே பாதத்தை மாட்ட ஒன்றுமே கிடையாது.

“பட்டை எதுக்கு?”

“படகும் உடம்பும் ஒண்ணா அசையறதுக்கு. இடுப்பத் திருப்பினா படகும் திரும்பணும். ஆனா மாமா, கவுந்துட்டா காலப் பின்னால நீட்டினதும் பட்டை வழுக்கி விட்ரணும். அப்படியும் விடலன்னா இந்த வளையத்த ஒரு இழு, மொத்தமா கழண்டுக்கும். உக்கார்றதுக்கு மட்டும் இல்ல இது, எறங்கறதுக்கும்தான்.”

சீட்டுக்காரர் தலையாட்டினார். காது கேட்டது, மனசு கேட்கவில்லை. பணிமனையில் பரிசோதகர் ஒருவர் இருந்தார், மாடு மாதிரி உடம்பு. இருக்கையில் தைத்த ஒவ்வொரு பட்டையையும் இரண்டு கையாலும் பிடித்து, காலை ஊன்றித் தொங்குவார். பட்டை திறந்துகொண்டால் தைத்தவன் பெயரைப் பணிமனை முழுக்கக் கேட்கும்படி கூப்பிடுவார். இருபத்தாறு வருஷத்தில் அவர் வாயில் சீட்டுக்காரர் பெயர் ஒரு தடவைகூட வந்ததில்லை. தானாகத் திறந்துகொள்ள வேண்டிய பட்டை என்று ஒன்று உலகத்தில் இருக்கும் என்பதே அவருக்குப் புதிது.

வேலை ஆரம்பமானது. முதல் நாளே மானம் போனது. கையோடு கொண்டுபோன பஸ் ஸ்பாஞ்சை மச்சினன் ஒன்றும் பேசாமல் வாங்கி வாளியில் போட்டான். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் வாளியில் தண்ணீரைக் காணோம், ஸ்பாஞ்சைத் தூக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். “பஸ்ஸுல மழை பெஞ்சா இப்படித்தானா மாமா?” என்றான். அன்று முதல் பட்டறைக் கட்டையையே அவர் வெட்டினார். வெட்டுவதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நீளக் கத்தியால் ஒரே இழுப்பு, பிறகு உப்புத்தாள். உயரம்தான் தலைவலி. கட்டை தாழ்ந்தால் படகு அசையாமல் நிற்கும், ஆனால் பத்து நிமிஷத்தில் அவள் முட்டி விண்விண்ணென்று தெறிக்கும். உயர்ந்தால் முட்டிக்கு நல்லது, படகு தள்ளாடும். ஒரு சாண் வைத்துப் பார்த்தார். அவள் பல்லைக் கடித்தாள். ஒரு விரல் கூட்டினார். தாடை தளர்ந்தது. இன்னொரு விரல் கூட்டலாமா என்று கேட்டதற்கு, “போதும், அப்புறம் கவுந்துதான் போவேன்” என்றாள். ஒரு சாண் ஒரு விரல் என்று சுண்ணாம்புக் கட்டியால் எழுதிவைத்தார்.

தரையிலும் கட்டையின் அடியிலும் பசை தடவி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை இருவரும் காத்திருந்தார்கள். வைத்தால் வைத்ததுதான், நகர்த்த முடியாது. சீட்டுக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு வைத்தார். நூல் பிசகவில்லை. நீட்டிக்கொண்டிருந்த நூல், தொங்குகிற கயிற்று நுனி, கூரான போல்ட் முனை எல்லாவற்றையும் தேடித் தேடி வெட்டினார், மழுக்கினார். மாட்டிக்கொள்கிற மாதிரி படகில் ஒன்றும் இருக்கக் கூடாது என்று மச்சினன் சொல்லியிருந்தான். “மாமா கை பட்டா தனிதான்” என்று அவன் வாயாலேயே வந்தது. அந்தப் பாராட்டை அவர் ராத்திரி சாப்பாட்டுக்கு நடுவில் மனைவியிடம் மூன்று தடவை சொன்னார்.

மீதி இருந்தது பட்டைகள் மட்டும். ஓரம் மடித்துத் தைக்க அவற்றை வீட்டுக்கு எடுத்துவந்தார். தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து அந்த வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனூண்டு வளையம். துடுப்பு தட்டினால் போதும், கழன்றுகொள்ளும். நட்டாற்றில், நுரைக்கு நடுவில், பட்டை கழன்று அவள் தூக்கி எறியப்படுவது அவர் கண் முன்னால் வந்தது. விழுந்தால் பாறை. பாறையில் மோதினால் முட்டி, முட்டி போனால் நீச்சல் எப்படி? மனசு இப்படி ஓட ஆரம்பித்தால் கை சும்மா இருக்குமா? பட்டையை இரண்டு விரல் இறுக்கித் தைத்தார். வளையத்தின் மேல் அதே கறுப்புத் துணியில் ஒரு சின்ன மூடி தைத்து, செருப்பில் வருகிற மாதிரி பிரித்துப் பிரித்து ஒட்டுகிற ஒட்டுப்பட்டை வைத்தார். மூடியின் விளிம்பு நகம்கூட நுழையாதபடி படிந்து உட்கார்ந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் மூடி இருப்பதே தெரியாது. அவர் வாழ்நாளில் தைத்தவற்றிலேயே சுத்தமான வேலை அதுதான். யாரிடமும் சொல்லவில்லை. நல்லதுக்குத்தானே செய்கிறோம், இதைச் சொல்வானேன் என்று நினைத்தார்.

கவிழ்க்கிற நாள் வந்தது. சீட்டுக்காரர் வெள்ளெனப் போய்ப் பட்டைகளை மாட்டிவிட்டார். தேக்கத்தில் தண்ணீர் மார்பளவு. அசைவே இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே மிதவைச் சட்டையின் பட்டைகளை நாலு தடவை சரிபார்த்தார், தலைக்கவசத்தை ஐந்து தடவை. சளி பிடித்திருக்கிறது என்றார். காலையில் சாப்பிட்டது செரிக்கவில்லை என்றார். மச்சினன் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

கரையில் நின்ற மனைவிக்குத்தான் மனசு கேட்கவில்லை.

“விடுடா, அவருக்குத் தண்ணின்னா பயம். எனக்காகச் செஞ்ச சீட்டு, நானே கவுந்து பாத்துக்கறேன்.”

“சட்டம் அப்படி இல்லக்கா.”

“நான் கவுந்தாலும் அதே தண்ணிதான?” அவள் காலணியோடு இறங்கி வந்துவிட்டாள். ஒரு காலைப் படகுக்குள் வைத்தும்விட்டாள்.

சீட்டுக்காரர் வாயைத் திறக்கவில்லை. இதைச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு நிமிஷம், முழுசாக ஒரு நிமிஷம், அவருக்கு அப்பாடா என்று இருந்தது. அவள் போகட்டும், அவளுக்குப் பழக்கம், நமக்கு எதற்கு என்று நின்றார். பிறகு மச்சினன் தன்னைப் பார்ப்பதைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஏளனம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார், ஒன்றும் இல்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

“எறங்கும்மா. நான்தான செஞ்சேன். நானே உக்கார்றேன்.”

உட்கார்ந்தார். பட்டைகளைத் தொடைமேல் போட்டுக்கொண்டார்.

“வளையம் எங்க இருக்குன்னு தெரியும்ல மாமா?”

“தச்சவனுக்குத் தெரியாதா?”

“அஞ்சு எண்ணுவேன். நீங்க வரலன்னா நான் நிமித்திடுவேன். மூச்ச இழுத்துக்குங்க.”

உலகம் ஒரு சுற்றுச் சுற்றியது. மூக்கில் தண்ணீர், காதில் தண்ணீர், கண்ணைத் திறந்தால் பச்சை. தலை கீழே, கால் மேலே. காலை நீட்ட வேண்டும் என்று நினைவு வந்தது. நீட்டினார். பட்டை வழுக்கவில்லை, இரண்டு விரல் இறுக்கியது யார்? கையைத் தொடைக்குக் கொண்டுபோனார். துணி. இன்னும் கொஞ்சம் தள்ளித் தடவினார். துணி. வளையம் இருந்த இடம் அவருக்குத் தெரியும், அங்கேதான் விரல் இருந்தது, ஆனால் வழவழவென்று துணிதான் ஓடியது. மூடியின் விளிம்பைத் தேடினார். நகம் நுழையவில்லை. தான் தைத்ததைத் தானே பிராண்டிக்கொண்டிருந்தார். மார்பு வெடிப்பதுபோல் இருந்தது. அவளும் இப்படித்தான், என்று அந்த நேரத்திலும் ஒரு நினைப்பு ஓடியது. அவளுக்கு மூடி இருப்பதே தெரியாது.

மச்சினன் நிமிர்த்தினான்.

கரையில் உட்கார வைத்து முதுகைத் தட்டினார்கள். இருமலுக்கு நடுவே மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு துண்டைப் போர்த்தினாள். “வளையத்த இழுக்காம என்னத்தத் தடவிக்கிட்டு இருந்தீங்க?”

மச்சினன் சிரிக்கவில்லை. படகைக் கரைக்கு இழுத்து, பட்டைமேல் கட்டைவிரலை ஓட்டினான். ஒரு இடத்தில் விரல் நின்றது. மூடியைப் பிரித்து உள்ளே இருந்த வளையத்தைப் பார்த்தான், பிறகு அவரைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.

“நான்தான்,” என்று சீட்டுக்காரர் மனைவியைப் பார்த்துச் சொன்னார். “தானா கழண்டுக்கக் கூடாதுன்னு மூடி வெச்சேன். ரெண்டு விரல் இறுக்கியும் விட்டேன். நீ விழுந்துடக் கூடாதுன்னு.”

அவள் முகத்திலிருந்து சிரிப்பு போயிற்று. குனிந்து அந்த மூடியைத் தானும் தொட்டுப் பார்த்தாள்.

“எல்லாரும்தாங்க விழுவோம். விழாம வர்ற ஆளே கிடையாது. விழுந்தா வெளிய வரணும், அவ்வளவுதான்.” மூடியிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேட்டாள்: “இப்ப நான் ஏறியிருந்தா?”

ஏறியிருந்தாலும் தம்பி பக்கத்தில் நின்றிருப்பான், நிமிர்த்தியிருப்பான். ஆனால் அவள் கேட்டது தேக்கத்தைப் பற்றியல்ல என்பது மூவருக்குமே தெரியும்.

வீடு வரும்வரை அவள் அவருக்குப் பத்தடி முன்னாலேயே போனாள். உள்ளே வந்து அவர் வழக்கப்படி மூன்று தாழ்ப்பாளையும் போட்டார். அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்பப் பிரிக்கப் போறீங்க?”

“எத? தாழ்ப்பாளயா?”

“மூடிய.”

“இப்பவே,” என்று, படகிலிருந்து கழற்றி வந்த பட்டைகளை எடுத்துக்கொண்டு ஈர உடையோடு இயந்திரத்தின் முன் உட்கார்ந்தார்.

அன்று ஆரம்பித்த வேலை நாலு நாள் நடந்தது. மூடியைப் பிரித்தார். பட்டையைத் தளர்த்தினார். சின்ன வளையத்தை எடுத்துவிட்டு, கட்டைவிரல் தாராளமாக நுழைகிற பெரிய வளையமாக வைத்தார். அது படுத்துக்கொள்ளாமல் நிமிர்ந்தே நிற்கும்படி உள்ளே ரப்பர் குழாய் கொடுத்து, மேலே சிவப்புத் துணி சுற்றினார். எந்தக் கை எட்டினாலும் கிடைக்கிற இடத்தில், இரண்டு பட்டைக்கும் நடுவில், ஒரே இழுப்பில் இரண்டும் கழல்கிற மாதிரி கோத்தார். கூடத்தில் மிச்சக் கட்டையைப் போட்டு மனைவியை உட்கார வைத்தார். கண்ணைக் கட்டினார். ஐஸ் போட்ட வாளியில் கையை விடச் சொல்லி, விரல் மரத்த பிறகு “இழு” என்றார். அவள் இழுத்தாள். மறுபடி. இடது கையால். துடுப்பைப் பிடித்துக்கொண்டே. நாற்பது தடவை ஆனதும், “தபால் ஆபீஸ்லகூட நான் இவ்ளோ முத்திரை குத்தினதில்ல” என்று கண்கட்டை அவிழ்த்து எறிந்தாள். கோபம் போய்விட்டது என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

பிறகு தேக்கத்துக்குப் போய் அவரே கவிழ்ந்தார். ஒரு தடவை இல்லை, நாலு தடவை. நான்காவது தடவை மூச்சை இழுத்துக்கொள்ள மறந்தார், வளையத்தை மறக்கவில்லை. தலையை வெளியே நீட்டியபோது மச்சினன் இரண்டுக்கு மேல் எண்ணியிருக்கவில்லை. “இப்பப் போகலாம் மாமா” என்றான். சுவரின் சிவப்பு வரிக்குக் கீழே படகின் எண்ணை எழுதி, பக்கத்தில் அவரையே கையெழுத்துப் போடச் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பட்டறை ஆட்களோடு சேர்த்து மொத்தம் ஆறு படகுகள், படகுக்கு ஒருவராக, மேல் ஆற்றில் இறங்கின. சீட்டுக்காரர் நான்காவது பாய்ச்சலின் அடியில், தட்டைப் பாறைமேல் நின்றார். கையில், விழுந்தவர்களுக்கு வீசுகிற கயிற்றைச் சுருட்டி வைத்த பை. யார் தண்ணீரில் விழுந்து வந்தாலும் அவர்களுக்குக் கொஞ்சம் முன்னால் விழுகிறமாதிரி எறிய வேண்டும் என்று மச்சினன் சொல்லிக்கொடுத்திருந்தான். எட்டு நாள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பூந்தொட்டியைக் குறிவைத்து எறிந்து பழகியிருந்தார். தொட்டிக்கு ஒரு கீறல்கூட விழவில்லை.

ஆறு வளைந்து வருகிற இடம் என்பதால் மேலே நடப்பது தெரியாது, இரைச்சல் மட்டும் கேட்கும். முதல் படகு வந்தது, துள்ளிக் குதித்து இறங்கிப் போயிற்று. இரண்டாவது வந்தது. மூன்றாவதாக வர வேண்டியவள் அவள்.

வந்தது படகின் அடிப்பாகம்.

பச்சை முதுகைக் காட்டிக்கொண்டு, தலைகுப்புற, ஏதோ மிருகம்போல் அது வளைவில் திரும்பியது. அவர் எண்ண ஆரம்பித்தார், ஏன் என்று தெரியாமலே. ஒன்று. இரண்டு. அடியில் இருக்கிறாளா? மூன்று. படகு ஒரு பாறையில் இடித்து நின்றது, யோசிப்பதுபோல் ஆடியது, பிறகு மெல்லப் புரண்டு நிமிர்ந்தது. நாலு. தண்ணீர் வழிகிற அந்தக் கட்டையை அவர் பார்த்தார். ஒரு சாண் ஒரு விரல். அதன்மேல் யாரும் இல்லை. பட்டைகள் இரண்டும் கழன்று இரண்டு பக்கமும் தொங்க, சிவப்பு வளையம் தனியாகத் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது.

ஐந்து என்று அவர் சொல்லவில்லை. வளைவில் அவள் வந்தாள். மல்லாந்து, காலை முன்னால் நீட்டி, ஒரு கையில் துடுப்போடு, தபால் ஜன்னலில் உட்கார்ந்திருந்த அதே நிதானத்தோடு. சீட்டுக்காரர் கயிற்றை எறிந்தார். பூந்தொட்டிக்கு விழாத கயிறு அன்று அவள் மார்பின்மேல் போய் விழுந்தது. காலை ஊன்றி இழுத்தார், அந்தப் பரிசோதகர் பட்டையில் தொங்குவதைப்போல.

பாறைமேல் ஏறி உட்கார்ந்து அவள் மூச்சு வாங்கினாள். அவர் அழுதுகொண்டிருந்தார், மறைக்கவும் இல்லை.

“எதுக்கு அழறீங்க? சீட்டுக்கு ஒண்ணும் ஆகல.”

“சீட்டு காலியா வந்துச்சு.”

“வராம?” அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் ஐஸாக இருந்தன. “கவுந்ததும் கை தன்னால அங்க போயிடுச்சுங்க. இழுத்தேன், விட்டுருச்சு. நெனைக்கக்கூட இல்ல.”

இருபத்தாறு வருஷத்தில் காலி இருக்கையைப் பார்த்து அவர் சந்தோஷப்பட்டதே கிடையாது. காலியாகப் போகிற பஸ் என்றால் நஷ்டம் என்றுதான் பணிமனையில் பேசிக்கொள்வார்கள். இன்று அந்த வெற்றுக் கட்டையைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது.

கடைசியில் வந்த மச்சினன் படகைப் பிடித்துக் கரைக்கு ஒதுக்கினான். மூவரும் சேர்ந்து தண்ணீரைக் கொட்டினார்கள். அவள் தலைக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு இருக்கையில் ஏறினாள்.

“இன்னைக்குப் போதாதாம்மா?”

“இன்னும் மூணு இருக்குங்க.”

அவரே குனிந்து பட்டைகளை மாட்டினார். வளையத்தை இழுத்துப் பார்த்தார். விட்டது. மறுபடி மாட்டினார், மறுபடி இழுத்தார், விட்டது. மூன்றாவது தடவைக்கு அவள் கையைத் தட்டிவிட்டாள். அவர் பின்னால் போய் வால்பக்கத்தைப் பிடித்துப் படகைத் தண்ணீருக்குத் தள்ளினார். அவள் துடுப்பைப் போட்டாள். படகு நகரவில்லை. இன்னொரு தடவை போட்டாள். நகரவில்லை.

“மாமா,” என்றான் மச்சினன், “நீங்க இன்னும் பிடிச்சிட்டிருக்கீங்க.”

சீட்டுக்காரர் தன் கைகளைப் பார்த்தார். இரண்டும் விளிம்பை இறுகப் பற்றியிருந்தன. ஒன்றை எடுத்தார், பிறகு மற்றதையும் எடுத்தார்.